தையல், நாளை காலை எடுக்கவும்

முக்கால்பட்டி என்று ஓர் ஊர். மீதிக் கால் எங்கே போயிற்று என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தேடக் கிளம்பியிருப்பார்கள். கேட்காதது நல்லதாகப் போயிற்று.

அங்கே ஆறு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. டாக்டர் மாசிலாமணி வெளியூர்க்காரர், புத்திசாலி. மற்ற மூன்று பேரும் உள்ளூர். கம்பவுண்டர் பரமானந்தம், நர்ஸ் செங்கமலம், வாட்ச்மேன் கொண்டல்சாமி. மூவரும் தங்கமான மனுஷர்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அதுதான் பயமே.

அந்த வாரம் டெய்லர் உலகநாதன் வந்து படுத்திருந்தார். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "தையல் இருக்காரா?" "தையல் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நூல் டப்பாவை எடுக்க ஸ்டூலில் ஏறி விழுந்து, நெற்றியில் ஏழு தையல். தலைசுற்றல் இருந்ததால் டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக் கல்யாணம். முப்பத்திரண்டு ஜாக்கெட் தைத்து முடித்து, கொக்கி வைப்பதுதான் பாக்கி. மனுஷர் மூட்டையைக் கட்டிலுக்கே கொண்டுவந்து, படுத்தபடியே கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் டாக்டருக்கு டவுனில் ஒரு கூட்டம். நோயாளிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பேசுகிற கூட்டம். மறுநாள்தான் திரும்புவார். மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"நான் வர்ற வரைக்கும் பரமானந்தம்தான் இங்க தலை. கை கழுவாம எதையும் தொடக்கூடாது. கத்தி படக்கூடாத பக்கத்துல முதல்லயே பேனாவால பெருக்கல் குறி போடணும். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் 'நிறுத்து'ன்னு சொல்லலாம், உடனே நிறுத்திடணும். உயிர் போற காரியம்னா மட்டும் எனக்குப் போன் பண்ணுங்க. எங்க, திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்."

மூவரும் திரும்பி நின்று, சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. டாக்டர் சந்தோஷமாக ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "தையல், நாளை காலை எடுக்கவும்."

வியாழக்கிழமை விடிந்தது. பரமானந்தம் சீட்டைச் சத்தமாகப் படித்தார். பிறகு மெதுவாகப் படித்தார். பிறகு சீட்டை மடித்து டெய்லரைப் பார்த்தார்.

"அண்ணே, மனசைத் திடப்படுத்திக்குங்க. டாக்டர் உங்க காலை எடுக்கச் சொல்லிட்டாரு."

டெய்லர் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. "அடப்பாவி! அடிபட்டது நெத்தியிலய்யா!"

"அதானே," என்றாள் செங்கமலம். "நெத்தியில பட்டதுக்கு எதுக்குக் காலு?"

"நீ எட்டாவது, நான் பத்தாவது. அவரு டாக்டருக்குப் படிச்சவரு. நெத்திக்கும் காலுக்கும் உள்ளுக்குள்ள என்ன சம்பந்தம்னு அவருக்குத் தெரியாதா?" என்றார் பரமானந்தம். படிப்பைப் பற்றிப் பேச்சு வந்ததும் செங்கமலம் வாயை மூடிக்கொண்டாள். படித்தவர் எழுதியதை யார் கேட்பது?

"கால் போனா நான் மெஷினை எதால மிதிப்பேன்? நிறுத்துங்கய்யா!" என்று டெய்லர் கத்தினார்.

எல்லாரும் நிறுத்தினார்கள். கொண்டல்சாமி ஃபேனையும் நிறுத்தினார்.

"சந்தேகம் இருந்தாத்தான் நிறுத்தணும்," என்றார் பரமானந்தம். "அண்ணே, உங்களுக்குச் சந்தேகமா?"

"என்னய்யா சந்தேகம்? சந்தேகமே இல்ல! என் காலைத் தொடக்கூடாது!"

"சந்தேகம் இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு. ஆகட்டும்."

கொண்டல்சாமி ஃபேனைப் போட்டார்.

"டாக்டருக்குப் போனாவது போடுங்கய்யா," என்று டெய்லர் அழாத குறையாகக் கெஞ்சினார்.

"உயிர் போற காரியத்துக்குத்தான் போன். போறது காலுதானே அண்ணே," என்று கொண்டல்சாமி ஆறுதலாகச் சொல்லிவிட்டு, வேப்பமரக் கிளை வெட்டுகிற ரம்பத்தை எடுத்துவந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ரம்பத்துக்கும் கைப்பிடி இருந்ததால் அதையும் கழுவினார். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

"யார் அறுக்கறது?" என்று கேட்டாள் செங்கமலம்.

"நான் தலை," என்றார் பரமானந்தம். "தலைமாட்டை விட்டு நகர மாட்டேன். கால் என் பொறுப்புல வராது."

"காலை-ன்னு எழுதியிருக்காரு, கால்களை-ன்னு இல்ல," என்றாள் செங்கமலம். " அப்போ ஒண்ணுதான். எந்தக் காலு?"

"மெஷின் மிதிக்க வலது காலு இருக்கட்டும். பாவம், குடும்பஸ்தர். வலது கால்ல பெருக்கல் குறி போடு."

செங்கமலம் கால்மாட்டில் நின்று தன் வலதுகைப் பக்கம் இருந்த காலில் பெரிதாக ஒரு குறி போட்டாள்.

"அது இடது!"

"இங்க வந்து நின்னு பாருங்க, வலது."

"தலை சொல்றேன், அந்தக் கால்ல போடு."

அதிலும் போட்டாள். இப்போது இரண்டு காலிலும் பெருக்கல் குறி. மூன்று பேரும் ஒரு காலையும் மறு காலையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"குறி போட்ட காலைத் தொடக்கூடாது," என்றார் பரமானந்தம்.

"ஆனா ஒரு காலை எடுத்தாகணும்," என்றாள் செங்கமலம்.

கொண்டல்சாமி குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "கீழ நாலு காலு இருக்கு. ஒண்ணுலயும் குறி இல்ல!"

கட்டில் காலை அறுத்து முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டெய்லர் உருண்டு தரையில் விழுந்து, "ஐயோ, உயிர் போகுதே!" என்று அலறினார்.

"சொல்லிட்டாரு!" என்று பரமானந்தம் துள்ளினார். "போனைப் போடு!"

டாக்டர் கூட்டத்தின் நடுவே எழுந்து வெளியே வந்து பேசினார். விஷயத்தைக் கேட்டதும் அவர் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டது.

"தையலை எடுக்கச் சொன்னேன்யா! காலையிலன்னு எழுதாம விட்டுட்டேன், அதுக்காகக் காலையா எடுப்பீங்க? நூலை நறுக்கி இழுத்தா வந்துரும். ஒண்ணு விடாம எடுத்துக் கிண்ணத்துல போட்டு வைங்க. நான் வந்து பார்க்கறேன்."

டெய்லருக்குப் போன உயிர் திரும்பியது. எழுந்து நின்றார். இரண்டு காலும் இருந்தன. சந்தோஷம் தாங்காமல் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாகப் மத்தியானம்வரை நடந்தார். கண்ணை ஒற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

வார்டு முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. தலையணையில் தையல் இல்லை. மெத்தையில் தையல் இல்லை. ஜன்னல் திரையின் மடிப்பெல்லாம் தொங்கியது. நடுவில் செங்கமலம் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, முப்பத்திரண்டாவது ஜாக்கெட்டின் கடைசிக் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் போதாமல் வாளியில் நூல் போட்டிருந்தார்கள்.

டெய்லர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கண்ணே விசனம்?" என்றார் பரமானந்தம், தலைமாட்டிலிருந்தபடியே. "அதான் ரெண்டு காலும் இருக்கே. மிதிங்க."

வேறு வழி? நாளைக்குக் கல்யாணம். வீட்டிலிருந்து மெஷினை வண்டியில் ஏற்றி வார்டுக்கே கொண்டுவந்து, டெய்லர் மறுபடி முதல் ஜாக்கெட்டிலிருந்து தைக்க ஆரம்பித்தார்.

அலறியடித்துக்கொண்டு டாக்டர் வந்தபோது ஒன்பதாவது ஜாக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாளியைப் பார்த்தார். டெய்லரின் நெற்றியைப் பார்த்தார். ஏழு தையலும் போட்டது போட்டபடி இருந்தன.

"இதை ஏன் எடுக்கல?"

"அது தையல் இல்ல சார்," என்றாள் செங்கமலம் பணிவாக. "தையலோட நெத்தி."

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தலை சுத்துது," என்றார்.

பரமானந்தம் அன்றைக்கு முதல்முறையாகத் தலைமாட்டை விட்டு நகர்ந்து வந்து, டாக்டரைச் சுற்ற ஆரம்பித்தார். டாக்டருக்கும் மெஷினுக்கும் நடுவே இருந்த இடம் கொஞ்சம்தான். மூன்றாவது சுற்றில் டெய்லரை உரசிக்கொண்டு போனார்.

"பார்த்துப்பா, காலு!" என்றார் டெய்லர்.

வாசலில் உட்கார்ந்திருந்த கொண்டல்சாமி, கையைக் கழுவிக்கொண்டு, ரம்பத்தோடு உள்ளே வந்தார்.