பேசாத தம்பி

காரைக்குடியில் ஒரு டயர் கடை மாடியில் நூர்ஜஹான் டீச்சர் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள்தான் மாணவர்கள். அவர்களில் மூத்தவர் வெல்டர் உடையப்பன். டீச்சரைவிடவும் பெரியவர்.

இரும்போடு இரும்பைப் பிசகில்லாமல் ஒட்டுகிற மனுஷன், இரண்டு வாக்கியங்களை ஒட்டுவதற்குள் திணறிப்போனார். டீச்சர் சொந்தமாக இரண்டு வாக்கியம் சொல்லச் சொன்னார். உடையப்பன் சொன்னது இது: இவன் என் தம்பி. இவனிடம் நான் பேசுவதில்லை.

டீச்சர் அவற்றை ஆங்கிலத்தில் பலகையில் எழுதி, ஒன்றாக்கச் சொன்னார். 'யாரிடம்' என்பதற்கு 'டு ஹூம்' என்று வரவேண்டிய இடத்தில் உடையப்பன் ஒவ்வொரு முறையும் 'டு'வை விட்டுவிட்டார்.

"தமிழ்ல 'நான் பேசாத தம்பி'ன்னா போதுமே டீச்சர். அவன்கிட்டன்னு தனியா எதுக்கு?"

"நமக்குச் சொல்லாமலே புரிஞ்சிரும்ணே. இங்கிலீஷ்ல எழுதுறப்ப சொல்லித்தான் ஆகணும்."

பிறகு, நிஜமாகவே அப்படி ஒரு தம்பி உண்டா என்று டீச்சர் கேட்டார். உண்டு. பெயர் சோலை. ஒரு பொதுச்சுவருக்காகப் பேச்சு நின்றுபோயிருந்தது. இப்போது சிறுநீரகம் பழுதாகி மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அண்ணனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். சனிக்கிழமை பரீட்சை முடிந்ததும் போகலாம் என்றிருந்தார் உடையப்பன்.

டீச்சர் இரண்டாவது வாக்கியத்தை அழித்தார். 'இவன் என் தம்பி' மட்டும் பலகையில் நின்றது.

"இன்னைக்குப் பாடம் இவ்வளவுதான். மதுரை பஸ் இன்னும் இருக்கு."

உடையப்பன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். பரீட்சை முடியட்டும் என்று மறுபடி உட்கார்ந்தார். முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதிக் காட்டினார். இந்த முறை 'டு' இருந்தது. டீச்சர் டிக் போடவில்லை.

பரீட்சையை நன்றாகத்தான் எழுதினார். அங்கிருந்து நேரே மதுரைக்குப் போனார்.

தம்பியின் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாலை வகுப்புக்கு வந்தவர், மற்றவர்கள் கிளம்பும்வரை கடைசி பெஞ்சில் இருந்தார்.

"போய்ப் பேசினேன் டீச்சர். மூக்குல குழாய் மாட்டிக் கெடந்தான். முந்தின நாளே நினைவு தப்பிருச்சாம். காதுகிட்டக் குனிஞ்சு எல்லாத்தையும் சொன்னேன். கண்ணத் தெறக்கல."

உடையப்பன் நோட்டைத் திறந்தார்.

"தம்பிகிட்டப் பேசினேன்னு எழுதலாமா?"

நூர்ஜஹான் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"எழுதலாம்ணே. இங்கிலீஷ்ல தப்பு வராது."