மிராசுதார் விட்ட மூச்சு

கண்ணில் பட்டதெல்லாம் தனக்கே என்பார் மிராசுதார் தில்லைநாயகம். பண்ணையாள் செங்காயி, பிள்ளைகளின் பொங்கலுக்கென்று தொட்டியில் வளர்த்த கரும்பும் கண்ணில் பட்டுவிட்டது.

"மண்ணு நான் கொடுத்தது. கரும்பும் எனக்குத்தான்!"

"அந்த மண்ணைக் காயவச்சு, ஆறு மணங்குன்னு நிறுத்துக் கொடுத்தீங்களே ஐயா, இப்பவும் நிறுத்துப் பாருங்க."

கரும்பைப் பிடுங்கி, மண்ணைக் காயவைத்து, ஊரே கூடி நிற்க நிறுத்தார்கள். அதே ஆறு மணங்கு!

"உங்க மண்ணு உங்களுக்கு. நாம விடுற மூச்சைத்தான் இலை இழுத்து, தண்ணியோட சேர்த்து, வெயிலைக் கொண்டு சர்க்கரை ஆக்குது. கரும்பு காத்துல வந்ததுங்க."

"காத்தும் என்னுதுதான்!"

"அப்ப மூச்சை வெளிய விடாதீங்க. விட்டா கரும்பு திருடிக்கும்!"

மிராசுதார் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்தினார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, புஸ்ஸென்று விட்டார்.

"அடுத்த வருசக் கரும்புக்கும் ஐயாவே மூச்சு கொடுத்துட்டாரு!" என்று கரும்பைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தாள் செங்காயி.