கரண்ட் போனாலும் அழாத பையன்

காலை நீட்டிப் படு கண்ணு. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" போடோணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு தறி வீதி. வீதி முழுக்க விசைத்தறி. வீட்டுல முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் தறி. காலையில சுவிச்சைப் போட்டா டக்கடி டக்கடி டக்கடின்னு பொழுது சாயற வரைக்கும் ஓடும். அந்த வீதியில யாரும் யார்கிட்டயும் மெல்லப் பேசினதே கிடையாது. ரகசியம் சொல்றதுன்னாலும் கத்தித்தான் சொல்லோணும். அப்பறம் அது என்ன ரகசியம்?

"ம்."

அந்த வீதியில நாகமணின்னு ஒருத்தி. அவ புருஷன் சென்னியப்பன் நாலு தறி ஓட்டறவன். அவன் அம்மா ராமாத்தா, வீட்டுக்குப் பெரியவ. இவங்களுக்கு ஒரு பையன் பொறந்தான். பேரு மாதேசு. கொழுகொழுன்னு கன்னம், உன்னைவிடக் கொஞ்சம் அழகு. சும்மா சொன்னேன், முறைக்காதே.

அந்த வீதியில ஒரு வழக்கம். புள்ளை குப்புற விழுந்தா வீதிக்கே கொழுக்கட்டை. வாசப்படி தாண்டினா தேங்காய் உடைச்சு வெல்லம் போட்டுக் குடுப்பாங்க. பல்லு முளைச்சா பச்சரிசிப் பாயசம். எது எந்த மாசம்னு ராமாத்தாளுக்கு விரல் நுனியில இருக்கும். மாதேசு அஞ்சாம் மாசம் பொதுக்குன்னு குப்புற விழுந்தான். எட்டாம் மாசம் சரக் சரக்னு தவழ்ந்து படி தாண்டினான். பல்லும் ரெண்டு எட்டிப் பாத்துது. "எல்லாம் நேரத்துக்கு நேரம் பண்றான், எம்பேரன்"னு ராமாத்தாளுக்குப் பெருமை தாங்கலை. சத்தம் கேட்டுத் திரும்பினா இன்ன பலகாரம்னு மட்டும் எந்த வழக்கமும் இல்லை. அதனால அதை யாரும் கேக்கவும் இல்லை.

அப்போ ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போச்சு. டக்க... டி. அம்புட்டுத்தான். வீதியே கப்சிப். தறி வீதிப் புள்ளைகளுக்கு டக்கடிதான் தாலாட்டு. அது நின்னா முழிச்சுக்கும். இந்த வீட்ல வீல், அந்த வீட்ல வீல், எதுத்த வீட்டுப் பொன்னக்கா மகளும் வீல். மாதேசு மட்டும் தூங்கறான்.

"அடடா, என்ன நல்ல புள்ளை! தங்கமாட்டப் பெத்து வெச்சிருக்கறே"ன்னா பொன்னக்கா. நாகமணிக்கும் சந்தோசம்தான். யாருக்குத்தான் இருக்காது?

அடுத்த வாரமும் கரண்ட் போச்சு. எல்லாம் வீல், மாதேசு தூங்கறான். அதுக்கும் அடுத்த வாரம் போச்சு. அப்பவும் தூங்கறான். அன்னைக்கு நாகமணி சந்தோசப்படலை. தொட்டில்கிட்டயே நின்னா. பொன்னக்கா மக இப்பெல்லாம் த்தா த்தா த்தா, ப்பா ப்பான்னு நாளெல்லாம் வாயடிக்குது. மாதேசும் மூணு மாசத்துல ஆ, ஊன்னு பேசிட்டுத்தான் இருந்தான். அது குறைஞ்சு குறைஞ்சு இப்ப ஒண்ணையுமே காணோமேன்னு அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது.

"அத்தை, பையனுக்குக் காது கேக்குதுங்களா?"ன்னா.

"வாயைக் கழுவு அம்மிணி. தறி வீட்டுப் புள்ளை, சத்தத்துக்குப் பழகிட்டான். ஆம்பளைப் புள்ளை பேச மெதுவாத்தான் ஆகும். இவங்கப்பன் மூணு வயசுலதான் பேசுனான்."

"நான் பாத்துடறனுங்க"ன்னா நாகமணி.

பையன் முழிச்சதும் தரையில உக்கார வெச்சு, அவன் முதுகுக்குப் பின்னால பித்தளைக் குண்டாவைப் போட்டா. டமார்! மாதேசு வெடுக்குன்னு திரும்பினான்.

"பாத்தியா!"ன்னா ராமாத்தா.

நாகமணி குண்டாவைப் பாத்தா, தரையைப் பாத்தா. குண்டா விழுந்தா தரை அதிருமே, அவன் உக்காந்திருக்கறது தரையிலதானேன்னு நினைச்சா. அப்பறம் எதையும் போடாம, சத்தமில்லாம பின்னால வந்து, "மாதேசு!"ன்னு கூப்பிட்டா. பையன் சடக்குன்னு திரும்பிச் சிரிச்சான்.

"இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"ன்னா ராமாத்தா.

நாகமணியும் பெருமூச்சு விடப் போனா. அப்போதான் பாக்கறா, வாசல் வெளிச்சத்துல அவ நிழல் நீளமாப் போய்ப் பையனுக்கு முன்னாடி விழுந்திருக்குது. அவன் திரும்பினது நிழலைப் பாத்து. கெட்டிக்காரன்தான். கேக்காததைக் கண்ணாலயே சரிக்கட்டிட்டு இருந்திருக்கறான் பத்து மாசமா.

என்ன, "ம்" காணோம்? கேக்கறியா?

"ம். அப்பறம்?"

அப்பறம் மூணாவது. பையனைத் தூக்கிச் சேலைத் தொட்டில்ல போட்டா. தரையும் இல்லை, நிழலும் இல்லை. பக்கத்துல நின்னு, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால அடிச்சா. ணங்! இன்னொருக்கா, ணங்! ணங்! ணங்! சத்தம் கேட்டுப் பின்னால தறிகிட்ட இருந்த சென்னியப்பனே ஓடியாந்துட்டான். மாதேசு தொட்டிலுக்குள்ள கால் கட்டைவிரலைப் புடிச்சு விளையாடிட்டு இருந்தான்.

ராமாத்தாளே எந்திரிச்சு, "நாளைக்குக் காத்தால முதல் பஸ்ஸுக்குப் போலாம், நானும் வர்றேன்"ன்னா. பெருமை பேசற வாய்தான், ஆனா கெட்ட மனுசி இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில பையனைத் தூங்க வெச்சு, தலையில ஒயரு ஒட்டிப் பாத்தாங்க. காது டாக்டரம்மா சொல்லுச்சு, "காது கேக்கறது ரொம்பக் கம்மி. ஆனா அடியோட போகலை. மிஷின் போட்டாக் கேக்கும், கேட்டாப் பேச்சும் வரும். நிறையப் பேரு மூணு வயசு வரைக்கும் பாத்துட்டு வருவாங்க. நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க."

"நானாச் சீக்கிரம்? மூணு கரண்டு கட்டு போயிருச்சுங்களே"ன்னு அழுதா நாகமணி. டாக்டரம்மாளுக்குப் புரியலை. அது தறி வீதிக்காரிக்குத்தான் புரியும்.

அப்பறம் அளவெடுத்தாங்க, ஒரு மாசத்துல மிஷின் வந்துது. அவரை விதையாட்டம் ரெண்டு, காதுக்குப் பின்னால மாட்டறது. மாட்டினாங்க, பட்டுன்னு புடுங்கி எறிஞ்சான். மறுபடி மாட்டினாங்க, புடுங்கி வாயில போட்டுக் கடிச்சான். மூணாவது தடவை நாகமணி அவன் கை ரெண்டையும் புடிச்சுட்டு, முகத்துக்கு நேரா சிரிச்சுட்டே உக்காந்திருந்தா. விட்டுட்டான்.

வீட்டுக்கு வந்து படியேறினதும், பின்னால டக்கடி டக்கடி டக்கடி. பையன் முகம் கோணுச்சு. வீல்னு கத்தினான்! கத்தினவன் டக்குனு நிறுத்தினான். இது யாரு கத்தினதுன்னு சுத்திப் பாக்கறான். மறுபடி, "ஆ." நிறுத்தினான். "ஆ?" அவன் சத்தம்தான்! அம்புட்டுத்தான், புடிச்சுக்கிட்டான். ஆ, ஆ, ஆ, ஊ, ஆ. சோறு ஊட்டினா ஆ. குளிக்க வார்த்தா ஆ. தூங்கி எந்திரிச்சா ஆ. ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, வாரக்கணக்கா ஆ.

உன்னையாட்டம்தான். சிரிக்காதே, தூக்கம் போயிரும்.

ஒரு நாள் சாயங்காலம், நாகமணி சோறு வடிச்சுட்டு இருக்கறா. காலையில இருந்து தலைவலி. இவன் கூடத்துல உக்காந்து ஆ, ஆ, ஆவ். அவ பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, அடுப்படியில இருந்தே கத்தினா:

"டேய்! கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இரேன்டா!"

பையன் நிறுத்திட்டான். உதட்டைப் பிதுக்கிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பாத்தான்.

நாகமணி சோத்துப்பானையை அப்படியே வெச்சுட்டு ஓடிப்போயி அவனை வாரி எடுத்தா. "பேசு சாமி, பேசு, நீ பேசுடா"ன்னு ஓன்னு அழுகை. சென்னியப்பன் பதறிட்டு உள்ள வந்தான்.

"ஏன் அழுவறே? என்ன ஆச்சு?"

"பையனைத் திட்டிட்டனுங்க."

"அட, அதுக்கா அழுவறே?"

"ஆமாங்க. அவனுக்குக் கேட்டுருச்சுங்க."

கதை தீந்துது கண்ணு. "ம்" போட்டது போதும், நீ தூங்கு.