பக்கத்து நாற்காலி

“அம்மா, ஒரு வார்த்தை என்னைப் பாடாய்ப் படுத்துது” என்றார் தேவவரம்.

எங்கள் வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் நடத்துகிற எப்சிபா அம்மாவிடம்தான் சொன்னார். அம்மாவுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். மாணவருக்கு ஐம்பதை நெருங்கிவிட்டது. தலைமையாசிரியர் வேலையை விட்டுவிட்டு, போதகராகப் போகிறேன் என்று வந்து சேர்ந்தவர். அதனால் எல்லாருக்கும் அவர் சார்தான், அம்மாவுக்கும்கூட.

நான் எபிரேயம் நடத்துகிறவன். கிரேக்கக்காரர்களுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் எப்சிபா அம்மா கதையே வேறு. அந்தம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது.

“எந்த வார்த்தை சார்?”

“பாராக்ளேட்டோஸ்.”

“அதுக்கு என்ன வந்துச்சு?”

“யோவான் சுவிசேஷத்துல அதைத் தேற்றரவாளன்னு போட்டிருக்காங்க. யோவான் நிருபத்துல பரிந்து பேசுகிறவர்னு போட்டிருக்காங்க. வார்த்தை ஒண்ணுதான். ‘பாரா’ன்னா பக்கத்துல, ‘க்ளேட்டோஸ்’னா கூப்பிடப்பட்டவர். அகராதி எல்லாம் புரட்டியாச்சு.”

“பிறகென்ன?”

“ஞாயித்துக்கிழமை என் சோதனைப் பிரசங்கம்மா. ‘மூல பாஷையில் பார்ப்போமானால்’ வரைக்கும் வருது. அதுக்கு மேல எழும்பவே மாட்டேங்குது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பிரசங்கிமாருக்கு இந்த மூல பாஷை ஒரு வியாதி. ஒரு கிரேக்க வார்த்தையை எடுத்து விட்டால் போதும், சபை வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். உள்ளே சரக்கு இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

அம்மா சிரிக்கவில்லை.

“நாளைக்குத் தீத்துவை விசாரிக்கிறாங்க. நீங்களும் கமிட்டியில இருக்கீங்கள்ல?”

“மாணவர் தலைவர்ங்கிற முறையில இருக்கேன்மா.”

“மேஜைக்கு எந்தப் பக்கம் உட்காருவீங்க?”

“கமிட்டி உட்கார்ற பக்கம்தான். வேற எந்தப் பக்கம்?”

“சரி சார், வாங்க” என்றார் அம்மா. அவ்வளவுதான். புத்தகங்களை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

“இது என்ன பதில்?” என்று தேவவரம் என்னைக் கேட்டார்.

“கிரேக்கம் அப்படித்தான். பேசாம எபிரேயத்துக்கு வந்துரும்” என்றேன்.

தீத்து இறுதியாண்டு மாணவன். கூச்ச சுபாவம். சத்தமாகத் தும்மக்கூட யோசிப்பான். அவன் பேரில் வந்த புகார் இதுதான்.

பக்கத்துச் சபையில் சொர்ணபாய் என்று ஒரு அம்மா, புற்றுநோய் முற்றிச் சாகக் கிடந்தார். தனிக்கட்டை. அந்தச் சபையின் போதகர் வெளியூர் போயிருந்த நேரம். தீத்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அந்த அம்மாவுக்குத் திருவிருந்து கொடுத்துவிட்டான். அதற்கு வேண்டிய அப்பமும் திராட்சரசமும் அங்கே எங்கே கிடைக்கும்? வீட்டில் இருந்த வர்க்கி பிஸ்கட்டையும் கருப்பட்டிக் காப்பியையும் வைத்து ஜெபித்துக் கொடுத்திருக்கிறான்.

குருப்பட்டம் பெறாதவன் திருவிருந்து கொடுக்கவே கூடாது. எங்கள் திருச்சபையில் அதைவிடப் பெரிய குற்றம் சொல்ல முடியாது.

சொர்ணபாய் மறுநாளே இறந்துபோனார். அடக்கமும் முடிந்தது. அப்புறம்தான் சபைச் செயலாளர் கொதித்துப் போய் வந்தார். யாரும் கூப்பிடாமலே இந்தப் பையன் உள்ளே நுழைந்தான், பரிசுத்தமானதைக் கேலிக்கூத்து ஆக்கிவிட்டான் என்றார்.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. நீள மேஜை. இந்தப் பக்கம் முதல்வர், நான், எப்சிபா அம்மா, தேவவரம். அந்தப் பக்கம் தீத்து மட்டும் நின்றான். பார்க்கவே பாவமாக இருந்தது.

முதல்வர் ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறந்தால், எப்சிபா அம்மா தன் இடத்தில் இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். தீத்துவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவனுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காரு” என்றார்.

“எப்சிபா அம்மா, உங்க இடம் இங்க” என்றார் முதல்வர்.

“தீத்து காலையில வந்தான் ஐயா. ‘பயமா இருக்கு, கூட வாரீங்களா’ன்னு கேட்டான்.”

“அவனுக்கு வக்கீலா வந்திருக்கீங்களா?”

“வாதாட என்கிட்ட ஒண்ணும் இல்லை. அவன் செஞ்சது சரியா தப்பான்னும் எனக்கு இன்னும் விளங்கலை.”

“பின்னே எதுக்கு அங்க?”

“கூப்பிட்டான், வந்தேன்.”

நான் அசந்துபோய்விட்டேன். முதல்வர் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல எங்களில் யாருக்குத் தைரியம் உண்டு? என்ன பொம்பிளைய்யா இது என்று எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்துவிட்டது.

தேவவரத்தைப் பார்த்தேன். மனிதருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

முதல்வர் கெட்டவர் இல்லை. சட்டத்தை நம்புகிறவர், அவ்வளவுதான்.

“தீத்து, நல்லாக் கேளு” என்றார். “சாகக் கிடக்கிற அம்மா கேட்டு, வேற வழியில்லாமல் நீ போயிருந்தால், கண்டிச்சு விட்டுருவேன். நீயாகப் போய் இந்த வேலையைச் செஞ்சிருந்தால் இன்னைக்கே பெட்டியைக் கட்டணும். உன்னை யார் கூப்பிட்டது?”

தீத்து சட்டை நுனியைப் பிடித்துத் திருகினான்.

“அந்த அம்மா உன்னைக் கூப்பிட்டாங்களா?”

“இல்லை ஐயா.”

“அப்போ நீயாகத்தான் போனே?”

தீத்து தலையைக் குனிந்துகொண்டான். அடப்பாவி, வாயைத் திறந்து எதையாவது சொல்லேன் என்று எனக்குப் பதறியது.

எப்சிபா அம்மா அவன் முதுகில் கையை மட்டும் வைத்தார்.

முதல்வர் பெருமூச்சு விட்டார். “அப்போ எனக்கு வேற வழி இல்லை” என்று பேனாவை எடுத்தார்.

“ஐயா, நிறுத்துங்க.”

தேவவரம் எழுந்திருந்தார். மேஜையைப் பிடித்துப் பிடித்து அந்தப் பக்கம் நடந்துபோனார். தீத்துவுக்கு அடுத்து நின்றார்.

“சார், நீங்க எங்க போறீங்க? உங்களையும் இவன் கூப்பிட்டானா?” முதல்வருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இவன் கூப்பிடலை ஐயா. சொர்ணபாய் அம்மா கூப்பிட்டாங்க.”

“என்ன சொல்றீங்க?”

“அன்னைக்கு விடுதிக்குப் போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். ‘போதகர் ஐயர் ஊர்ல இல்லை, எனக்குப் பயமா இருக்கு, நீங்களாவது வாங்க சார்’னு கேட்டாங்க. பட்டம் இல்லாதவங்க கொடுக்கக் கூடாதும்மா, ஐயர் வர்ற வரைக்கும் பொறுத்துக்கோங்கன்னு சொல்லி வச்சிட்டேன்.”

“தீத்து?”

“பக்கத்துல நின்னான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தான். நான் வாய் திறக்காததால அவனும் என் பேரைச் சொல்லலை.”

தேவவரம் அழ ஆரம்பித்துவிட்டார். முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்த அம்மா கூப்பிட்டது என்னைத்தான் ஐயா. நான்தான் போகலை.”

எப்சிபா அம்மா எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கி, தீத்துவுக்கும் தேவவரத்துக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.