வீட்டை அளந்த நாடா

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் உடம்பு அளக்கும் தையல் நாடா ஒன்று வாழ்ந்துவந்தது. மஞ்சள் நிறம், இரண்டு முனையிலும் தகரப் பூண். தான் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது என்பதில் அதற்குக் கொஞ்சம் பெருமை.

ஒரு நாள் காலையில் அந்தப் பெருமை போயிற்று. வீட்டுக்காரி கோமதி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் மிருதுளாவின் இடுப்பைச் சுற்றி நாடாவை இழுத்துப் பிடித்தாள்.

"ஏட்டி, யூனிஃபார்ம் பாவாடை மறுபடியும் பத்தாது. வாயைக் கட்டத் தெரியுதா உனக்கு? இன்னையிலேர்ந்து ராத்திரிக்கு மோர் மட்டும்தான். தோசை கிடையாது."

"நான் என்ன அண்டாவோடயா முழுங்குதேன்?"

"நானா சொல்லுதேன்? நாடால்லா சொல்லுது."

மிருதுளா டிபன் பாக்ஸை மேசைமேலேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். கோமதி அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். கொடுத்துவிட்டு அப்படியே வேலைக்கும் போய்விட்டாள்.

நாடாவுக்குச் சுருக்கென்றது. தன் பேரைச் சொல்லி ஒரு பிள்ளையின் சாப்பாட்டைப் பறித்தாயிற்று. 'நான் சொன்னது பொய்யில்லை. ஆனா அளந்த இடம் தப்பு. இன்னைக்கு இந்த வீட்டை அளந்துட்டுத்தான் மறுவேலை' என்று தீர்மானித்தது.

மிருதுளா உட்கார்ந்து படிக்கும் நாற்காலியில் ஒரு முனையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைமேல் ஊர்ந்தது. ஒரு முழம்கூடப் போகவில்லை, மிக்சர் டப்பாமேல் முட்டிக்கொண்டது. விருந்தாளி வந்தால் சட்டென்று நீட்ட வேண்டுமே என்று அந்த டப்பாவுக்கு எப்போதும் மேசையில்தான் இடம்.

"என்னவே, என்னைப் பிடிக்க வந்தீராக்கும்?" என்றது டப்பா. "நான் யார் கையையும் பிடிச்சு இழுக்கல. வச்ச இடத்துல இருக்கேன்."

"கடைசியா விருந்தாளி எப்ப வந்தாக?"

"தீபாவளிக்கு."

"நீரு எப்ப காலியானீரு?"

"முந்தாநாள். நேத்துதான் மறுபடி ரொப்பினாக" என்றது டப்பா, குரலைத் தாழ்த்தி.

நாடா மேசையைத் தாண்டித் தரையில் இறங்கியது. "பிள்ளைக்குன்னு வாங்கின கொய்யாப்பழம் எங்க இருக்கு?" என்று பிரிட்ஜைப் பார்த்துக் கேட்டது.

"பத்திரமா இருக்கு" என்று உறுமியது பிரிட்ஜ். "விலை கூடின பழம். கண்ட இடத்துல போட முடியுமா? அடித்தட்டுல, மாவுச் சட்டிக்குப் பின்னால, பையில ரெட்டை முடிச்சுப் போட்டு வச்சிருக்கு. என்கிட்ட வந்த பழம் ஒண்ணும் தொலைஞ்சதில்ல."

"யாராவது தின்னதுண்டா?"

பிரிட்ஜுக்குள்ளேயிருந்து கொய்யாதான் பதில் சொன்னது. "அண்ணாச்சி, எனக்கு ஒரு பக்கம் கறுத்துட்டு வருது. அந்தப் பிள்ளைக்கு என்னைப் பிடிக்காதுன்னு அவுக அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுதாக. நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்ல."

நாடா முழு நீளத்துக்கும் நீண்டது. பிரிட்ஜ் கதவு எட்டவில்லை. இன்னும் விறைத்து இழுத்தது.

"விட்ரும்வே, கிழிஞ்சு போவீரு" என்றது டப்பா.

நாடா விடவில்லை. சுருண்டுகொள்ள உடம்பு கெஞ்சியது. சாயங்காலம்வரை அப்படியே கிடந்தது.

கோமதி வந்தாள். "இதை யாரு இப்படி இழுத்துப் போட்டது?" என்று முணுமுணுத்துக்கொண்டே, மாட்டியிருந்த முனையைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தாள். கழற்றுவதற்குள் அவள் வாயில் எதுவோ நொறுங்கியது. மிக்சர்.

மெல்லுவதை நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். நாடா போன வழியே அவள் கண்ணும் போயிற்று. அது முடிந்த இடத்தையும், அதற்கும் அப்பால் மூடிக்கிடந்த பிரிட்ஜையும் பார்த்தாள்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, டப்பாவைப் பரண்மேல் வைத்தாள்.

"விருந்தாளி வந்தா?" என்று கத்தியது டப்பா.

"அம்மா ஏறி எடுப்பாக" என்றது நாடா.

கோமதி பிரிட்ஜிலிருந்து கொய்யாப் பையை எடுத்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கறுத்த பக்கத்தைச் செதுக்கி எறிந்தாள். கொய்யாவை நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, டப்பா இருந்த இடத்திலேயே தட்டை வைத்தாள்.

மிருதுளா வந்தாள். அம்மாவோடு பேசவில்லை. புவியியல் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கங்கள் புரண்டன. தட்டில் பாதி காலியாயிற்று.

"உப்பு போதுமாட்டி?" என்றாள் கோமதி.

"எதுல?" என்று நிமிர்ந்தவள், தன் கையிலிருந்த துண்டத்தை அப்போதுதான் பார்த்தாள்.

கோமதி அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல்லைப் போட்டாள்.

"எத்தனை ஊத்தட்டும்?" என்று கேட்டாள்.