மீன் வயிற்றில் மூன்று வாரம்

ஞாயிறு பள்ளி மணி எட்டேகாலுக்குச் சரியாக அடித்தது. யோனா மீன் வயிற்றிலேயே மாட்டிக்கொண்டார்.

தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் வால்.

மணி அடித்தவர் வேதமுத்து சார். வாரநாளில் பி.டி. வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடற்கரை ஊர்க் கோயிலில் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர். ஆறு வகுப்பு, எழுபது பிள்ளைகள். ஏழேகாலுக்குத் தொடக்கம், எட்டேகாலுக்கு முடிவு, எட்டரைக்கு ஆராதனை. மூன்று வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடப் பிசகியதில்லை. அதில் அவருக்குப் பெருமை.

பாலர் வகுப்பு வேப்பமரத்தடியில். இருபத்திரண்டு வருஷமாகச் சுகிர்தம் டீச்சர்தான் நடத்துகிறார். அவர் கதையில் புயல் வந்தால் பிள்ளைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அன்றைக்கும் புயல் வந்தது. யோனாவைத் தூக்கிக் கடலில் போட்டார்கள். மீன் வாயைத் திறந்தது, விழுங்கியது, உள்ளே கும்மிருட்டு. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. அப்போதுதான் மணி.

"சார், ரெண்டே நிமிஷம்."

"எல்லாருக்கும் ஒரு கடிகாரம், டீச்சருக்கு மட்டும் தனிக் கடிகாரமா?"

சத்தமாகத்தான் கேட்டார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் பாயைச் சுருட்டினார்.

அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்று ஆள் விட்டார். அதற்கடுத்த ஞாயிறு வகுப்பின் வருகைப் பதிவேடு மட்டும் வந்தது. இனி வரமாட்டார் என்று அதற்கு அர்த்தம்.

சார் தானே போய்ப் பாயில் நின்றார். பதினாறு பிள்ளைகளில் ஏழுதான் வந்திருந்தன.

"இன்னைக்கு சிங்கக் குகையில தானியேல்."

ஹெப்சி கையைத் தூக்கினாள். வயது ஐந்து. முன்பல் இரண்டும் இல்லை.

"யோனா தாத்தா?"

"அவர் வெளிய வந்துட்டார்."

"எப்போ?"

"மூணு நாள் கழிச்சு."

"ரெண்டு ஞாயிறு ஆச்சே."

"வந்துட்டார்னு சொல்லுதேன்ல? உக்காரு."

உட்கார்ந்தாள். நம்பவில்லை. தானியேலை அன்றைக்கு எந்தச் சிங்கமும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலில் ஹெப்சியின் அம்மா நிற்கிறாள்.

"சார், எம்பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்திய?"

"ஏம்மா?"

"மீன்காரி கூடைய இறக்கினாப் போதும், ஓடி வந்து பெரிய மீனாப் பாத்துத் தட்டுதா. தட்டிட்டுக் காத வச்சுக் கேக்கா. அரிவாள்மனையத் தூக்கி எங்கயோ ஒளிச்சு வச்சிட்டா. சாளை வாங்கினா மட்டும் விடுதா. அதுக்குள்ள ஆளு கொள்ளாதாம்."

"அவர் வந்துட்டார்னு நீங்க சொல்லலாம்ல?"

"சொன்னேன். 'நீ அன்னைக்கு வகுப்புக்கு வரல, ஒனக்கு என்ன தெரியும்'ங்கா. டீச்சர் சொன்னாத்தானாம்."

மறுநாள் சாயங்காலம் சார் ஞானாதிக்கம் போதகர் வீட்டுக்குப் போனார். ஓய்வு பெற்றவர். எண்பத்திரண்டு வயது. சாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், இந்தப் பொறுப்பைத் தலையில் கட்டியவரும் அவர்தான். முட்டி வலிக்காக வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒரு சங்கடம்."

"சொல்லு. சுருக்கமா."

சார் சொன்னார். சுருக்கமாக இல்லை.

"மணிய நேரத்துக்குத்தான அடிச்ச?"

"ஒரு நொடி பிசகல ஐயா."

"அப்ப எதுக்கு இங்க வந்த?"

சார் தலையைச் சொறிந்தார். "பாலர் வகுப்பு கலைஞ்சிரும் போல இருக்கு. இந்த வயசுல நின்னா அதுக பிறகு திரும்பி வராது. டீச்சரை எப்படியாவது உற்சாகப்படுத்தணும். பாலர் ஞாயிறு அன்னைக்கு மேடையில கூப்பிட்டு ஒரு பொன்னாடை..."

"பொன்னாடை போத்தினா மீன் கக்கிருமா?"



போதகர் வாளித் தண்ணீரைக் காலால் கலக்கினார். பிறகு சொன்னார்.

"எனக்கு இருபத்தாறு வயசு. அப்ப நான் உபதேசியார். தீவுக்கு ஜெபக்கூட்டத்துக்குப் போறேன். வள்ளத்துல நானும் கயத்தான்னு ஒரு படகோட்டியும். பாதிக் கடல்ல காத்து மாறிச்சு. பாய் ரெண்டாக் கிழிஞ்சுது. வள்ளத்துக்குள்ள முழங்கால் தண்ணி. எந்தப் பக்கமும் கரை இல்ல. கயத்தான் எம்மூஞ்சியவே பாத்தான். பாத்துட்டு, 'உபதேசியாரே, இனி ஒரு வழிதான் இருக்கு. சொன்னா கோவிக்கப்படாது'ன்னான்."

காலை வாளியிலிருந்து எடுத்தார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"என்ன வழி ஐயா?"

"வெந்நீர் ஆறிட்டு."

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சார் விசிலை வீட்டில் மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். போதகர் பிழைத்துக்கொண்டது தெரிந்த விஷயம். வெந்நீரில் கால் விட்டவரைக் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனாலும் அது என்ன வழி? கோபப்பட அதில் என்ன இருக்கிறது?

புதன்கிழமை போய்க் கதவைத் தட்டினார். "தூங்குதேன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் விசாரித்தார். "கயத்தான் மூஞ்சியப் பாத்தது வரைக்கும் எனக்கும் தெரியும் சார்," என்றான் அவன்.

வியாழக்கிழமை சாப்பாட்டில் உப்பு இல்லை. சார் கவனிக்காமல் சாப்பிட்டார். வீட்டம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னத்தப் பறிகொடுத்திய?"

சார் வள்ளத்துக் கதையைச் சொன்னார். பாய் கிழிந்தது, தண்ணீர் ஏறியது, கயத்தான் பார்த்தது.

"பிறகு?"

"தெரியாது."

கரண்டி சட்டியில் விழுந்தது. "முழுசாத் தெரியாட்டி எதுக்கு வாயத் திறக்கிய? இனி நான் இதையே நெனச்சுக்கிட்டு நிக்கணுமா? மனுசன் செய்ற காரியமா இது?"

சார் சோற்றைப் பிசைந்த கையைக் கழுவிவிட்டு ஞாயிறு பள்ளி மணியைத் தேடி எடுத்தார்.

சனிக்கிழமை காலையில் சுகிர்தம் டீச்சர் வீட்டுக்குப் போனார். கையில் இருந்த பித்தளை மணியை மேஜைமேல் வைத்தார்.

"இது எதுக்கு?"

"பாலர் வகுப்புல இருக்கட்டும். கதை முடிஞ்ச பிறகு அடிங்க. மத்த வகுப்பும் அப்ப விடட்டும்."

"ஆராதனை?"

"அது என் பாடு."

டீச்சர் மணியைத் தொடவில்லை. "அவ்வளவு பிள்ளைக முன்னாலல்லா சொன்னிய."

"நாளைக்கும் அவ்வளவு பிள்ளைக முன்னாலதான் சொல்லப் போறேன்."

டீச்சர் எழுந்து காபி போடப் போனார்.

ஞாயிறு காலை பாட்டு முடிந்ததும் சார் முன்னால் வந்து நின்றார். "டீச்சர் ரெண்டு நிமிஷம் கேட்டாங்க. நான் குடுக்கல. கேலி வேற பண்ணினேன். தப்பு என்னுது." பெரிய வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

வேப்பமரத்தடியில் பதினோரு பிள்ளைகள். டீச்சர் மணியை ஹெப்சி மடியில் வைத்தார். "மணி நாக்கைப் பிடிச்சுக்கோ. யோனா தாத்தா கரையில விழுந்ததும் அடி."

முடிவை மட்டும் சொல்லிவிட்டு விடுவார் என்று சார் நினைத்திருந்தார். டீச்சர் மறுபடியும் துறைமுகத்திலிருந்து தொடங்கினார். புயல் வந்தது. கப்பல் சாய்ந்தது. எட்டேகால் ஆனது. சார் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கோயில் கதவருகே ஆராதனை நடத்தும் குருவானவர் அங்கியோடு வந்து நின்று இந்தப் பக்கமே பார்த்தார். சார் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மீன் கரைக்கு வந்தது. இருமியது. இன்னொருமுறை இருமியது. யோனா மணலில் வந்து விழுந்தார்.

ஹெப்சிக்கு மணி ஞாபகம் இல்லை.

"மீனுக்கு வயித்துவலி போயிட்டா டீச்சர்?"

"போயிட்டு."

அதற்குப் பிறகுதான் அடித்தாள். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தாள்.

மத்தியானம் சார் போதகர் வீட்டுக்குப் போனார்.

"யோனா வெளிய வந்துட்டார் ஐயா."

"சரி."

"ஆராதனை பத்து நிமிஷம் தாமதம். குருவானவர் முறைச்சார்."

"முறைக்கட்டும்."

"ஹெப்சி வீட்டுல இன்னைக்குப் பெரிய சீலா மீன் வெட்டிக் குழம்பாம்."

"உனக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு."

"அந்த வள்ளம் என்னாச்சு? கயத்தான் என்ன வழி சொன்னான்?"

போதகர் வாளியைப் பக்கத்தில் இழுத்தார். காலை விட்டார்.

"நான் சொன்னா ரெண்டு வரியில முடிஞ்சிரும். வர்ற ஞாயிறு வேப்பமரத்தடிக்குப் போ. பிள்ளைகளோட பாயில உக்காரு. கையக் கட்டிக்கோ. சின்னப் பிள்ளையா அதே பாயில இருந்து அந்தக் கதைய எங்கிட்ட முழுசாக் கேட்ட ஆளு ஒண்ணு இருக்கு. என்னைவிட நல்லாச் சொல்லும்."

"யாரு ஐயா?"

"சுகிர்தம்."