முதல் குரலுக்கே பதில்

கேள்வியைக் கடைசியில்தான் கேட்பேன். அதுவரை அவசரப்பட்டு யாருக்கும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

வெள்ளாந்துறை ஒரு மீனவர் ஊர். அங்கே பிள்ளைகளுக்குச் சிலுவை போடக் கற்றுக்கொடுக்கும் முன்பே இன்னொன்றைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கடலைப் பனி மூடிக் கிடக்கும்போது உள்ளிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகே பதில் கொடுக்க வேண்டும். செத்தவர்களுக்கு மூன்றாம் முறை கூப்பிட வாய் வராதாம். முந்திக்கொண்டு பதில் சொன்னால், நாற்பது நாளுக்குள் அந்த வீட்டிலிருந்து ஓர் உயிரைக் கடல் எடுத்துக்கொள்ளுமாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் சிரிக்கலாம். அந்தப் பனிக்குள் நின்று பார்த்தவர் எவரும் சிரித்ததில்லை.

சலேத்தம்மாளும் சிரித்ததில்லை. நான் சொல்லப்போகும் நாளுக்கு நான்கு வருடத்துக்கு முன், ஒரு மார்கழிக் காலையில் அவள் கரையில் நின்றிருந்தாள். கணவன் தஸ்நேவிஸ் கடலில் இருந்தான். பனிக்குள்ளிருந்து "சலேத்தூ..." என்று அவன் குரல் வந்தது. வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, ஒன்று என்று எண்ணினாள். மறுபடி கேட்டது. இரண்டு. மூன்றாவது கேட்கவே இல்லை. பனி விலகியபோது அவன் வள்ளம் கூப்பிடு தூரத்தில்தான் கவிழ்ந்து கிடந்தது. பதில் கொடுத்திருந்தால் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு உயிரோடு கரை சேர்ந்திருப்பான்.

ஒரு வருடம் அவள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. பிறகு போனாள், வழக்காடப் போகிறவளைப் போல. "உம்மை நம்புறேன்னு சொல்லிக்கிட்டு பேய்க்குப் பயந்து நின்னேனே, பதில் சொல்லுன்னு ஏன் ஆண்டவரே என்னைப் புடிச்சுத் தள்ளல?" என்று தினமும் கேட்டாள். பதில் வரவில்லை. கேட்பதை அவளும் விடவில்லை.

அப்புறம், ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்டதை நினைக்கிற அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்று எந்த வள்ளமும் கடலுக்குப் போகாது. பதினேழு வள்ளங்களும் மணலில் ஏறிக் கிடந்தன. கோயில் மணியையும் அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆண்டவர் பட்ட பாடுகளை நினைத்துப் பதினான்கு ஸ்தலங்களில் நின்று ஜெபித்தபடி, ஊரே கடற்கரையோரமாகச் சிலுவைப்பாதை போய்க்கொண்டிருந்தது. பதினோராம் ஸ்தலத்தில் மண்டியிட்டு எழுந்தபோது உச்சி வெயில் அணைந்தது. பங்குனியில் யாரும் கண்டிராத பனி, கடலிலிருந்து எழும்பிக் கரையை மூடியது. முன்னால் போன மரச்சிலுவை கண்ணுக்கு மறைந்தது. காக்கை கரையவில்லை. அலைகூடச் சத்தமில்லாமல் வந்து போனது.

"சலேத்தூ..."

கடலுக்குள்ளிருந்துதான் வந்தது. பேரின் கடைசியை இழுத்து மேலே தூக்குகிற அதே இழுப்பு. தஸ்நேவிஸைத் தெரிந்த அத்தனை பேருக்கும் உடம்பு சிலிர்த்தது. ஊர் ஆள் ஒருவன்கூடக் கடலில் இல்லை என்பதும் அத்தனை பேருக்கும் தெரியும்.

கொழுந்தன் இஞ்ஞாசி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான். மறு கையால் அவளுடைய ஆறு வயது மகள் மெட்டில்டாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டான்.

"மயினி, வாயத் தொறந்துராதீங்க. உங்க உசிருன்னா உங்க இஷ்டம். இது எங்கண்ணன் புள்ள."

பங்குச் சாமியார் வராத ஊரில் ஜெபம் நடத்துகிறவர் உபதேசியார் கஸ்பார். அவரும் கையை உயர்த்தினார். "ஆண்டவர் உயிர்விடுற நேரம் இது. பிசாசு சோதிக்குற நேரமும் இதுதான். யாரும் பதில் சொல்ல வேண்டாம், மண்டியிடுங்க" என்று, ஆண்டவரை நம்புகிறேன் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாண ஜெபத்தைத் தொடங்கினார்.

சலேத்தம்மாள் மகளைப் பார்த்தாள். எண்ணத் தொடங்கினால் போதும், பிள்ளை பிழைத்தது. ஆனால் ஒன்று என்று எண்ண அவள் நாக்கு மறுத்துவிட்டது.

"கூப்பிட்டது செத்தவரா இருந்தா, செத்தவங்களுக்கும் ஆண்டவர்தான் ஆண்டவர்" என்றாள். "உசிரோட உள்ளவங்களா இருந்தா?"

கையை உதறிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "இந்தா இருக்கேன்! கரை இங்கதான்! வாங்க!"

இஞ்ஞாசி பிள்ளையோடு வீட்டுக்கு ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் ஜெபம் நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் கத்தினாள். இரண்டாம் முறை யாரும் கூப்பிடவில்லை. எந்த நிமிடமும் ஒரு கை வந்து கணுக்காலைப் பற்றும் என்று தோன்றியும் கரைக்குத் திரும்பவில்லை. அரை மணி நேரம் ஆகித் தொண்டை கட்டிக்கொண்ட பிறகும் விடவில்லை.

அப்போது பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு வள்ளத்தின் மூக்கு தெரிந்தது. வேற்றூர் வள்ளம். என்ஜின் கெட்டு ஐந்து நாளாக அலைந்த நான்கு பேர், உதடு வெடித்து உள்ளே கிடந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சலேத்தம்மாள் கேட்டாள், "உங்கள்ல யாரு என்னைக் கூப்பிட்டது? எம்பேரு எப்படித் தெரியும்?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க யாரும் கூப்பிடலக்கா. நாக்கு ஒட்டிக் கெடந்துது. உங்க சத்தத்தைக் கேட்டுத்தான் துடுப்பே போட்டோம்."

இப்போது கேட்கிறேன். இஞ்ஞாசி பிள்ளையைக் காக்க ஓடினான். உபதேசியார் ஜெபத்தை விடவில்லை. சலேத்தம்மாளோ தன் மகளின் உயிரையே பணயம் வைத்தாள். மூவரும் ஆண்டவரை நம்புகிறவர்களே. இதில் யார் செய்தது சரி?

விடை: சலேத்தம்மாள் செய்ததுதான் சரி. இஞ்ஞாசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அன்பு வைத்தவன் பயப்படத்தான் செய்வான். உபதேசியார் சொன்ன ஜெபத்திலும் பிழையில்லை, ஆனால் ஆண்டவரை நம்புகிறேன் என்ற பேச்சுக்கு அன்று விலை கொடுத்தவள் அவள் ஒருத்திதான். மார்கழியில் தோற்றிருக்காவிட்டால் அவளும் மண்டியிட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பாள். மூன்று வருடம் கேட்டும் அவளுக்குப் பதில் வராமல் போனது, அந்தக் காயம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகத்தானோ என்னவோ. கூப்பிட்டது யார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நாற்பது நாளும் இஞ்ஞாசி மெட்டில்டாவை அலையின் கண்ணில் படாமல் தூக்கிக்கொண்டு திரிந்தான். பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அடுத்த மார்கழியில் மறுபடி பனி இறங்கியது. எந்தக் குரலும் வருமுன்பே ஊர் முழுவதும் கரைக்கு வந்து, "இங்கதான் கரை, வாங்க" என்று கத்தியது. எல்லோருக்கும் முன்னால், கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தியவன் இஞ்ஞாசி.